கிளுவை வேலிக்கு அடியில் வளைகள், வால் நுனியில் கருப்புக் குஞ்சம்: இது வெள்ளெலியா? மருந்து வைக்கலாமா?

மூலனூர்க்காரன்:

வணக்கம்ங்க. கொஞ்சம் பெரிய பதிவு, பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

மூலனூர் பக்கம் எங்களுக்கு ஆறு ஏக்கர் கொறங்காடு இருக்கிறது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், கொறங்காடு என்றால் மழையை மட்டும் நம்பிய மேய்ச்சல் காடு. கொழுக்கட்டைப்புல் தானாக முளைத்து வரும், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை முள்வேலி. அப்பாரு காலத்திலிருந்து காங்கேயம் மாடும் செம்மறியும்தான் மேய்கின்றன, ஏர் பூட்டியதே அபூர்வம். நான் ஏழெட்டு வருடம் திருப்பூரில் வேலை பார்த்துவிட்டு இப்போதுதான் காட்டுக்குத் திரும்பியிருக்கிறேன், அதனால் பல விஷயங்கள் எனக்குப் புதிது.

மேற்கு வேலியோரம் கிளுவை வேருக்கு அடியிலும் அதை ஒட்டிய ஒரு வெள்வேலத்தின் கீழும் வட்ட வட்டமாக வளைகள். போன வாரம் எண்ணினேன், மொத்தம் 23. ஒவ்வொன்றின் வாயும் மூன்று விரல் சேர்த்து நுழையும் அளவு. வெளியே மண் குவியல் பெரிதாக இல்லை. சிலவற்றின் வாயை மட்டும் உள்ளிருந்தே பொலபொலவென்ற மண்ணால் அடைத்திருக்கிறது. பத்து நாளைக்கு முன்னால் ஒரு செம்மறிக் குட்டி அங்கே கால் இடறி முன்னங்கால் சுளுக்கிக்கொண்டது, அதற்குப் பிறகுதான் இதையெல்லாம் கவனித்தேன்.

அன்றைக்கு ராத்திரி எட்டரை மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் வேலிக்கு ஒரு முழம் வெளியே சரசரப்பு. வெளிச்சம் பட்டதும் அது ஓடவில்லை, அப்படியே நின்றது. முதுகு எங்கள் காட்டு மண் நிறம், வயிறு சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை, இரண்டு நிறமும் விலாவில் கோடு போட்டது போலப் பிரிகின்றன. கண் பெரிதாக, கருமணி மாதிரி. வால் உடம்பைவிடக் கொஞ்சம் நீளம், நுனியில் கருப்பு மயிர்க் குஞ்சம். முன்னங்கால் இரண்டாலும் ஒரு புல் கதிரைப் பிடித்து உருட்டி உருட்டித் தின்றுகொண்டிருந்தது. நான் எழுந்து ஒரு எட்டு வைத்தேன், இரண்டே தாவலில் வேலிக்குள் போய்விட்டது. சாதாரண எலி மாதிரி தரையோடு ஓடவில்லை, குதித்துப் போனது.

அப்பாருவிடம் சொன்னேன், "அது வெள்ளெலிடா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். வெள்ளெலி என்று இணையத்தில் தேடினால் செல்லப்பிராணிக் கடையில் விற்கும் வாலில்லாத, கன்னம் உப்பிய பிராணி வருகிறது. நான் பார்த்தது அது இல்லவே இல்லை.

பக்கத்துக் காட்டுக்காரர் போர் போட்டு நிலக்கடலை விதைத்திருக்கிறார். "நீ மருந்து வைக்காவிட்டால் என் கடலை போச்சு" என்கிறார். அம்மாவுக்கு வேறு பயம், எலி இருந்தால் பிளேக் வரும் என்று யாரோ சொன்னார்களாம், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இது உண்மையில் என்ன பிராணி, எங்கள் காட்டில் என்ன செய்துகொண்டிருக்கிறது, மருந்து வைப்பது அவசியம்தானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆந்தைக்கண்:

தம்பி, உங்கள் அப்பாரு சொன்னது சரி. அது வெள்ளெலிதான். நீங்கள் எழுதிய அடையாளங்களே போதும், அதுவும் வால் குஞ்சத்தைக் கவனித்ததற்குப் பாராட்டுகள். அடுத்த முறை வாலின் பக்கவாட்டையும் பாருங்கள், மேலேயும் கீழேயும் கருப்புப் பட்டை ஓடும், இரண்டு பக்கமும் வெளுப்பாக இருக்கும்.

பெயர்க் குழப்பம் எல்லோருக்கும் வருவதுதான். தமிழில் வெள்ளெலி என்ற ஒரே சொல் மூன்று பிராணிகளுக்கு ஓடுகிறது. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் வெள்ளை எலியை அப்படிச் சொல்கிறார்கள், கடையில் விற்கும் ஹாம்ஸ்டரையும் அப்படியே மொழிபெயர்த்துவிட்டார்கள். ஆனால் புஞ்சைக் காட்டில் இருக்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாக வெள்ளெலி என்று சொன்னது இந்த வெள்ளை வயிற்றுக்காரனைத்தான். ஜெர்பில் என்ற வறண்ட நிலத்துக் கொறிவிலங்கு வகையைச் சேர்ந்தது. அறிவியல் பெயர் டட்டேரா இண்டிகா. 1807-ல் தாமஸ் ஹார்ட்விக் என்ற ராணுவ அதிகாரி இதை முதலில் விவரித்தபோது, பின்னங்காலால் தாவும் ஜெர்போவா என்ற பாலைவனப் பிராணியின் இனத்தோடு சேர்த்துப் பெயர் வைத்தார். முன்பு ஆப்பிரிக்காவில் இருக்கும் பல ஜெர்பில்களையும் இதே பேரினத்தில் வைத்திருந்தார்கள், பிறகு அவற்றைப் பிரித்துவிட்டார்கள். ஆகவே டட்டேரா என்ற பேரினத்தில் இன்றைக்கு மிஞ்சியிருப்பது உங்கள் வேலியில் இருக்கும் இந்த ஒரே இனம்தான். சிரியா, ஈராக், ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் என்று வறண்ட நிலமாகவே பிடித்துக்கொண்டு இந்தியாவின் பெரும்பகுதிக்கும் வந்து இலங்கையின் வறண்ட பகுதி வரை இருக்கிறது. அடர்ந்த மழைக்காட்டில் தேடாதீர்கள். முள்ளும் புதரும் புல்லும் கலந்த இடம்தான் இதன் ஊர்.

நான் இந்தப் பிராணியை முதலில் உயிரோடு பார்க்கவில்லை, எலும்பாகத்தான் பார்த்தேன். திண்டுக்கல் பக்கம் ஒரு கரட்டில் கொம்பன் ஆந்தை குடியிருந்தது. ஆந்தை இரையை விழுங்கிவிட்டு, செரிக்காத மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். பாறை இடுக்கில் கிடந்த உருண்டைகளைப் பொறுக்கி வந்து வெந்நீரில் ஊறவைத்து ஊசியால் பிரித்தேன். சாம்பல் நிற மயிருக்குள்ளிருந்து ஒரு மண்டையோடு முழுசாக வந்தது. காதுக்குக் கீழே இருக்கும் எலும்பு இரண்டு பக்கமும் குமிழ் மாதிரி உப்பியிருந்தது, அந்தக் குமிழால்தான் இருட்டில் மெல்லிய சத்தத்தைக்கூட இதனால் கேட்க முடிகிறது. மேல் வெட்டுப்பல்லைத் திருப்பிப் பார்த்தால் ஒவ்வொரு பல்லின் முன்பக்கமும் நீளவாக்கில் ஒரு பள்ளக்கோடு, நகத்தால் வருடினால் தட்டுப்படும். வீட்டெலியின் பல் வழுவழுவென்று இருக்கும். அந்தக் கோடும் காதுக் குமிழும் சேர்ந்து இருந்தால் ஜெர்பில்தான். அன்றைக்குப் பிரித்த ஒன்பது உருண்டைகளில் ஆறில் அந்தப் பல் இருந்தது. ஒரு ஆந்தைக் குடும்பமே இதை நம்பி வாழ்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

ஆந்தை மட்டும் இல்லை. குள்ளநரி, காட்டுப்பூனை, கீரி, சாரை, நாகம் எல்லாவற்றுக்கும் இது இரை. கொறங்காட்டில் குள்ளநரி இன்னும் கண்ணில் படுகிறது என்றால் அதற்கு இந்த வளைகளும் ஒரு காரணம். இது தின்பது புல் விதை, வேர், கிழங்கு, தளிர், கூடவே பூச்சிகள். தண்ணீர் தேடி அலையாது, தின்னும் பொருளில் இருக்கும் ஈரமே பெரும்பாலும் போதும், பகல் வெயிலை வளைக்குள் கழித்துவிட்டு இருட்டிய பிறகுதான் வெளியே வரும். வாயை மண்ணால் அடைத்திருப்பதாகச் சொன்னீர்களே, அது கைவிட்ட வளை என்று நினைத்துவிடாதீர்கள். பாம்போ கீரியோ ஒரு வழியில் நுழைந்தால் அந்த லேசான மண்ணை முட்டித் தள்ளிக்கொண்டு இன்னொரு வழியில் வெளியேறும்.

23 வளை என்றால் 23 எலி என்று அர்த்தம் இல்லை. ஒரே எலிக்குப் பல வாசல் இருக்கும். எத்தனை வாசல் புழக்கத்தில் இருக்கிறது என்று தெரிய எளிய வழி ஒன்று உண்டு. சாயங்காலம் எல்லா வாயையும் காலால் மண் தள்ளி மூடிவிடுங்கள். மறுநாள் விடிந்ததும் போய் எத்தனை திறந்திருக்கிறது என்று எண்ணுங்கள். மூன்று நாள் செய்தால் ஒரு கணக்குக் கிடைக்கும். டார்ச் கண்ணாடியில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொண்டால் அது உங்களை அவ்வளவாகப் பொருட்படுத்தாது.

மருந்து பற்றிக் கேட்டீர்கள். மேய்ச்சல் காட்டில் வைக்கவே வைக்காதீர்கள் என்பதுதான் என் பதில். அங்கே அது உங்களுடைய எதையும் கெடுக்கவில்லை.

கடலைக்காடு:

ஆந்தைக்கண் மேடம் சொன்னது எல்லாம் மேய்ச்சல் காட்டுக்குச் சரி. கடலை போட்டவன் கஷ்டத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

எனக்கு வேடசந்தூர் பக்கம் மூன்று ஏக்கர் மானாவாரி. விதைத்த மூன்றாம் நாள் காலையில் போனால் சாலில் வரிசையாகக் குழி, கை வைத்த மாதிரி ஒவ்வொரு விதையாக எடுத்துத் தின்றிருக்கும். தப்பி முளைத்தது காய் பிடிக்கும்போது மறுபடி வரும், செடியைச் சாய்க்காமல் பக்கத்தில் பறித்துக் காயை மட்டும் உருவிக்கொண்டு போகும். மேலே செடி பச்சையாக நிற்கும், பிடுங்கிப் பார்த்தால் கீழே வெறும் தொட்டு. வரப்போரம் உடைத்த தொலி சிதறிக் கிடக்கும். ஒரு வருடம் கிழக்குப் பக்கம் எட்டுச் சால் எனக்கு இப்படிப் போனது. அதனால் அந்தப் பக்கத்துக் காட்டுக்காரர் கோபத்தைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் மருந்து வேண்டாம் என்பதில் நானும் மேடம் கட்சிதான், அதற்குக் காரணம் வேறு. நான் சிங்க் பாஸ்பைடு வைத்திருக்கிறேன். 49 பங்கு பொரிக்கு 1 பங்கு மருந்து என்ற கணக்கில் எண்ணெய் தொட்டுப் பிசைந்து வைக்கச் சொல்வார்கள், வயிற்றுக்குள் போய் அமிலத்தோடு சேர்ந்ததும் நச்சு வாயுவாக மாறும். கடையில் பொட்டலத்தைக் கொடுத்தவர் வளைக்குள் போட்டு மூடு என்று சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை. வரப்பில் இலைமேல் வைத்துவிட்டு வந்தேன். விடியற்காலை இரண்டு மயில் கிடந்தது. செத்த எலியைத் தூக்கிய எங்கள் வீட்டு நாய் மத்தியானத்துக்குள் போய்விட்டது, பதினோரு வருடம் வளர்த்த நாய். மயில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை. வழக்கு வந்தால் தாங்க முடியாது என்பது ஒரு பக்கம், அந்தக் காலையை இன்னும் மறக்க முடியவில்லை என்பது இன்னொரு பக்கம். உங்கள் காட்டில் ஆடு மாடு மேய்கிறது, நினைத்துப் பாருங்கள்.

இப்போது என்ன செய்கிறேன் என்றால், வரப்பைச் சிறிசாகக் கட்டுகிறேன், வரப்பில் புதர் ஏற விடுவதில்லை, பக்கத்தில் இருக்கிறவர்களோடு பேசி ஒரே வாரத்தில் விதைத்துவிடுகிறோம். விதைத்த அன்றிலிருந்து பத்து நாள் தஞ்சாவூர்க் கிட்டி வைக்கிறேன். மூங்கில் வில்லில் நரம்பு கட்டிய கிட்டிதான், கருவாடோ தேங்காயோ சுட்டு மாட்டினால் போதும். அப்புறம் காட்டுக்குள் டி வடிவத்தில் குச்சி நட்டு வைத்தேன், ஆந்தை வந்து உட்காரும். சேதம் நின்றுபோனது என்று சொல்லமாட்டேன், பொறுத்துக்கொள்கிற அளவுக்குக் குறைந்திருக்கிறது.

கடப்பாரை:

இந்தப் பதிவைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இருளர் வீட்டுப் பெண், செங்கல்பட்டு பக்கம். எங்கள் அம்மாவும் ஆயாவும் எலி பிடித்துத்தான் எங்களை வளர்த்தார்கள். பாம்பு பிடிக்கிறவர்கள் என்றுதான் எங்களை எல்லோருக்கும் தெரியும். 1978-ல் ஆரம்பித்த பாம்புப் பண்ணைக் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றிப் பத்திரிகையில் வரும், வயக்காட்டில் எலி பிடித்துக் கொடுத்துப் பயிரைக் காப்பாற்றின கதை அவ்வளவாக வருவதில்லை.

மூலனூர் தம்பி, உங்கள் பக்கத்துக் காட்டு வரப்பை நீங்களே ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு அப்புறம் யார் திருடன் என்று முடிவு செய்யுங்கள். வளை வாயிலேயே எல்லாம் எழுதியிருக்கும். வாய்க்குப் பக்கத்தில் புதுமண் பெரிய குவியலாகக் கொட்டி, வாயையே அந்த மண்ணால் அடைத்து வைத்திருந்தால் அது வரப்பில் குடியிருக்கும் சின்னப் பெருச்சாளி. குட்டிக் குட்டி உருண்டையாக மண் தள்ளி, ஒரு விரல் மட்டும் போகிற ஓட்டை என்றால் சுண்டெலி. குவியல் அதிகம் இல்லாமல் வட்டமாக, சுத்தமாக, புதர் அடியில் நாலைந்து வாய் சேர்ந்து இருந்தால் வெள்ளெலி. பெருச்சாளி வளையை வெட்டினால் உள்ளே அறையறையாக நெல் கதிரும் கடலையும் அடுக்கி வைத்திருக்கும், அறுவடை முடிந்த பிறகு எங்கள் ஆயா ஒரே வளையிலிருந்து முறம் நிறைய நெல் எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன், அந்த நெல் எங்களுக்கு ஒரு வாரக் கஞ்சி. வெள்ளெலி வளையில் அந்த மாதிரிச் சேமிப்பை நான் வெட்டின இடத்தில் எங்கேயும் பார்த்ததில்லை. வயிறு நிறையத் தின்னும், சேர்த்து வைக்காது.

வாயின் குறுக்கே சிலந்தி நூல் இருந்தால் ராத்திரி யாரும் அந்த வழியில் போகவில்லை என்று அர்த்தம். உதிர்ந்த மண்ணே இல்லாமல் விளிம்பு வழவழவென்று தேய்ந்திருந்தால் கையை விடக்கூடாது, உள்ளே பாம்பு இருக்கலாம். எலி விட்டுப்போன வீட்டில் நாகம் குடியேறுவது எங்களுக்குச் சாதாரணம், உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். கடலைக்காடு அண்ணன் மருந்தை வளைக்குள் போட்டிருக்கணும் என்று எழுதியிருக்கிறார், அதுவும் வெறுங்கையைக் கொண்டுபோகிற வேலை இல்லை.

வெள்ளெலியைப் பிடிப்பது பெருச்சாளியைப் பிடிப்பது மாதிரி இல்லை. பெருச்சாளி சண்டைக்கு நிற்கும், இது நிற்காது. கடப்பாரையை ஒரு பக்கம் இறக்கினதும் மறுபக்கம் மண் மூடின வழியை உடைத்துக்கொண்டு எகிறும். அதனால் முதலில் சுற்றிச் சுற்றி வந்து மூடின வாய் எல்லாம் எங்கே என்று கண்டுபிடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு ஆளை நிறுத்துவோம். சின்ன வயதில் என் வேலை அதுதான், இரண்டு கையையும் குவித்துக்கொண்டு மண் அசைகிறதா என்று பார்த்தபடியே குந்தியிருப்பேன். முதலில் ஒரு சிட்டிகை மண் உள்வாங்கும், அடுத்த நொடி மூஞ்சிக்கு நேராக வரும். வாலைப் பிடித்தால் தோல் உரிந்து கையோடு வந்துவிடும், அது போய்விடும். உடம்போடு சேர்த்துத்தான் பிடிக்கணும்.

புகை போடுகிற பானை வேறு இருக்கிறது. அடியில் ஓட்டை போட்ட மண்பானையில் வைக்கோலும் தழையும் திணித்துப் பற்றவைத்து, வாயை வளையோடு பொருத்தி, ஓட்டை வழியாக வாயால் ஊதணும். எங்கள் அம்மா அப்படி ஊதி ஊதியே உதடும் உள்ளங்கையும் வெந்து, கடைசி காலத்தில் இருமல் நிற்கவே இல்லை. கையால் சுற்றுகிற இரும்பு ஊதுகருவி பிற்பாடு வந்தது, அம்மாவுக்கு அது உதவவில்லை. நாங்கள் பிடித்ததைச் சாப்பிட்டோம், அதில் வெள்ளெலிக்குத்தான் முதல் போட்டி. மருந்து வைத்த காட்டில் மட்டும் ஆயா யாரையும் இறங்க விடமாட்டார். இப்போது எல்லாக் காட்டிலும் மருந்துதான், அதனால் எங்கள் பிள்ளைகளுக்கு இந்த வேலையே தெரியாது. கடலைக்காரர் கவலைப்பட்டால் மருந்துக்குப் பதிலாக உங்கள் பக்கத்தில் வளை வெட்டத் தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்து நல்ல கூலி கொடுக்கச் சொல்லுங்கள். அவர்கள் எந்த வளையைத் தொடவேண்டும், எதை விடவேண்டும் என்று தெரிந்து செய்வார்கள்.

ஓசூர்_லேப்:

அம்மாவின் பயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன், நான் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள்.

பிளேக் பயத்தில் ஒரு உண்மை இருக்கிறது. தென்னிந்தியாவில் காட்டு எலிகளுக்குள் பிளேக் கிருமி சுழன்றபோது அதைத் தாங்கி வைத்திருந்த பிராணி வெள்ளெலிதான். கோலார், ஓசூர், சித்தூர் என்று மூன்று மாநிலம் சந்திக்கும் பகுதி அதற்குப் பெயர் போனது, கண்காணிக்க பெங்களூரில் மத்திய அரசின் தனிப் பிரிவே இருக்கிறது. வெள்ளெலி அந்தக் கிருமியை ஓரளவு தாங்கும், வீட்டெலி தாங்காமல் கூட்டமாகச் சாகும். காட்டெலியின் தெள்ளுப்பூச்சி வீட்டெலிக்குத் தாவி, வீட்டெலி செத்து, அதன் தெள்ளு மனிதனுக்கு வருவதுதான் பழைய வழி. நாட்டில் 1994-ல் சூரத்திலும் பீடிலும், 2002-ல் இமாச்சலிலும், 2004-ல் உத்தராகண்டிலும் வந்தது. இன்றைக்கு உங்கள் காட்டில் வெள்ளெலி இருக்கிறது என்பதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. காரணமே தெரியாமல் எலிகள் வரிசையாகச் செத்து விழுந்தால் மட்டும் தொடாமல் சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்கள். வந்தாலும் ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் குணமாக்க மருந்து இருக்கிறது.

என்னைக் கேட்டால் உங்கள் வீட்டில் உண்மையில் கவனிக்க வேண்டியது ஸ்க்ரப் டைபஸ். புதரும் புல்லும் எலியும் இருக்கும் இடத்தில் ஒரு நுண்ணிய உண்ணிக்குஞ்சு கடித்து வருவது. மழைக்காலம் தொடங்கி பனிக்காலம் முடியும் வரை எங்களிடம் வரும் காய்ச்சல்களில் இது நிறைய. காட்டுக்குப் போய்வந்தவருக்கு ஒரு வாரம், பத்து நாளில் கடும் காய்ச்சல், தலைவலி வந்தால் அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு மடிப்பு என்று தேடிப் பாருங்கள், சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு இருக்கலாம், வலிக்காது. அதை டாக்டரிடம் காட்டுங்கள். டாக்சிசைக்ளின் கொடுத்தால் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும், கண்டுகொள்ளாமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. புல் மேல் அப்படியே உட்காராதீர்கள், ராத்திரி வேடிக்கை பார்க்கப் போகும்போது ஒரு தார்ப்பாய் விரித்துக்கொள்ளுங்கள், வந்ததும் குளித்துத் துணியை மாற்றுங்கள். சேறு மிதித்த காலில் புண் இருந்தால் எலிக்காய்ச்சலும் வரலாம், அதற்கு செருப்பு முக்கியம்.

மூலனூர்க்காரன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. ஆந்தைக்கண் அக்கா சொன்ன மாதிரி மூன்று நாள் செய்தேன், விவரம் போடுகிறேன்.

சாயங்காலம் 23 வாயையும் மூடினேன். முதல் நாள் காலையில் 9 திறந்திருந்தது, இரண்டாம் நாள் 8, மூன்றாம் நாள் மறுபடி 9, பெரும்பாலும் அதே வாய்கள்தான். ஐந்தில் மூடுவதற்கு முன்பே கடப்பாரை அக்கா சொன்ன சிலந்தி நூல் குறுக்கே இருந்தது. சிவப்புத் தாள் ஒட்டி, தார்ப்பாய் விரித்து உட்கார்ந்ததில் ஒரே நேரத்தில் அதிகபட்சம் மூன்று எலிகளைப் பார்த்தேன். ஒன்று என் கால் விரலுக்கு இரண்டு முழ தூரத்தில் வந்து மண்ணைக் கிளறி ஒரு வண்டுப் புழுவை எடுத்துத் தின்றது. வாலில் இருக்கும் பட்டை நன்றாகத் தெரிந்தது.

அப்புறம் பக்கத்துக் காட்டு அண்ணாவையும் கூட்டிக்கொண்டு அவருடைய வரப்பை முழுக்க நடந்தோம். கடலைக்குள் இருக்கும் வரப்பில் மொத்தம் பதினான்கு வளை. பதினொன்றில் ஈர மண் குவியல் குவியலாக, வாய் அடைத்து இருக்கிறது, அதாவது பெருச்சாளி. எங்கள் வேலியை ஒட்டிய கடைசிச் சாலில் மட்டும் சுத்தமான வட்ட வாய் மூன்று. அங்கே காய் உருவின செடியும் ஐந்தாறு இருந்தது, அதனால் வெள்ளெலி மேல் தப்பே இல்லை என்று நான் சொல்ல முடியாது, அண்ணாவிடமும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் பெரிய சேதம் எங்கிருந்து வருகிறது என்று அவரே பார்த்துவிட்டார். வெட்டுவதற்கு ஆள் கூப்பிடச் சம்மதித்திருக்கிறார், பாதிக் கூலி நான் தருகிறேன் என்றேன். எங்கள் பக்கம் வேலியோரம் நான்கு டி குச்சி நட்டாயிற்று. ஆட்டுக்குட்டி கால் மாட்டாமல் இருக்க வளை இருக்கும் இடத்தைச் சுற்றி வேல முள் வெட்டிப் போட்டுவிட்டேன். மருந்து வைக்கப் போவதில்லை. அந்தக் குட்டி இப்போது ஓடுகிறது.

இன்னும் ஒரு சந்தேகம். கல்லாங்காடு பக்கம் ஒரு சின்ன ஓட்டை, விரல்தான் போகும், அதன் வாயில் பொறுக்கி எடுத்த மாதிரி ஒரே அளவான பொடிக்கற்கள் குவிந்திருக்கின்றன. மண்ணே இல்லை, வெறும் கல். இது யார் வேலை?

ஆந்தைக்கண்:

தம்பி, அது நல்ல கண்டுபிடிப்பு. முதுகில் மயிர் முள் மாதிரி விறைப்பாக இருக்கும் ஒரு குட்டிச் சுண்டெலி இருக்கிறது, மஸ் பிளாட்டித்ரிக்ஸ் என்பார்கள். வளை வாயில் கூழாங்கல்லைப் பொறுக்கிக் குவிப்பது அதன் பழக்கம், உள்ளேயும் கல்லைப் பரப்பி அதன்மேல் படுக்கும். கல்லில் ஒன்றிரண்டை எடுத்து ஒரு ஓரமாக வைத்துவிட்டு வாருங்கள், காலையில் அதே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பு விளக்கோடு உட்கார்ந்து படம் கிடைத்தால் இங்கே போடுங்கள், நான் இன்னும் அதை உயிரோடு பார்த்ததில்லை.